எதிர்க்கடைக் காத்து

இந்தப் பக்கமா உக்காரு கண்ணு, அந்த ஓரத்துல கம்பி நீட்டிக்கிட்டு இருக்கு, துணியைக் கிழிச்சிரும். ஒட்டன்சத்திரத்துல ஏறுற ஆளுகளுக்கு உக்கார இடம் கெடைக்கிறதே பெருசு. பையை நான் மடியில வெச்சுக்கறேன். மேல வேண்டாம், மேல வேண்டாம். அடியில பட்சணம் இருக்குது, நசுங்கிரும்னு என் மக சொல்லி அனுப்பியிருக்கா. மதுரை போய்ச் சேர்ற வரைக்கும் அடியில கையே விடக் கூடாதாம். எனக்கே உத்தரவு போடுறா.

மதுரைக்கா? நானும் அங்கதான். காதுல மாட்டியிருக்கியே, அதைக் கொஞ்சம் கழட்டிக்கிறியா? பாட்டு எங்கயும் ஓடிறாது. எனக்கு இன்னைக்கு யார்கிட்டயாவது பேசியே ஆகணும் கண்ணு. பேசலேன்னா சிரிப்பு வந்துருது. பழனியில ஏறினதுலேர்ந்து தனியா சிரிச்சுக்கிட்டு வர்றேன், கண்டக்டர் வேற திரும்பித் திரும்பிப் பாக்குறாரு. தெரிஞ்சவங்ககிட்ட சொல்ல முடியாது. நீ யாரோ, நான் யாரோ. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல எறங்கினா நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். உங்கிட்ட சொல்லலாம்.

மூக்கை உறிஞ்சுறியே, வாசமா? ரோஸு. நான் ஊதுபத்திக் கடைக்காரி. அடிவாரத்துல சன்னதி வீதியில தவமணி பத்திக் கடைன்னு கேட்டா யாரு வேணும்னாலும் கையைக் காட்டுவாங்க. வெறும் பத்தியைக் கட்டுக் கட்டா வாங்கி, ரோஸ் எண்ணெயில முக்கி, நெழல்ல காயவெச்சு, நானே கவர்ல போட்டு விக்கிறேன். வீட்டுக்காரர் ஆரம்பிச்ச கடை. அவரு போகும்போது மக ஏழாவது படிச்சுக்கிட்டு இருந்தா. அன்னையிலேர்ந்து நானும் ரோஸும்தான்.

ஒண்ணு சொல்றேன், நம்ப மாட்டே. எனக்கு ரோஸ் வாசமே தெரியாது. நெசமாத்தான். எந்நேரமும் அதுக்குள்ளயே கெடந்தா மூக்கு அதை மறந்துரும் கண்ணு. மத்ததெல்லாம் நல்லாத் தெரியும். பக்கத்து வீட்டு ரசத்துல பெருங்காயம் பத்தலேன்னா எங்க வீட்டுலேர்ந்தே சொல்லிருவேன். ரோஸ் மட்டும் இல்ல. எண்ணெய் சரியா ஏறியிருக்கான்னு மகதான் மோந்து பாத்துச் சொல்லுவா. அவ கட்டிக்கிட்டுப் போன பொறவு எதிர்க்கடைக்காரரு சொல்றாரு.

எதிர்க்கடைக்காரரு. அவரைப் பத்தித்தான் சொல்லப் போறேன், இரு.

பேரு சென்னியப்பன். தாராபுரத்துப் பக்கத்து ஆளு. சம்சாரம் இல்ல, சீக்குல போயிருச்சு, புள்ளையும் இல்ல. நேரா எங்கடைக்கு எதிர்லயே வந்து பத்திக் கடை போட்டாரு. எனக்கு வந்த கோவத்துக்கு, ஒரு மாசம் அந்தப் பக்கம் முகத்தையே திருப்பல. அப்புறம் பாத்தா, அவரு கடையில ரோஸே இல்ல. எல்லாம் மரவாசம். சந்தனம், தேவதாரு, அகில், இப்படி. ரோஸ் கேட்டு வர்றவங்களை, "எதுத்தாப்புல அம்மா கடையில நல்லதா இருக்குதுங்க"ன்னு எங்கிட்ட அனுப்புறாரு. மனுசன் இப்படி இருந்தா எப்படிச் சண்டை போடுறது? சண்டைக்கு ஒரு பிடி வேண்டாமா? நானும் மரம் வெக்கிறதை விட்டுட்டேன். கேட்டு வந்தா அங்க அனுப்பினேன்.

அவருக்கும் அதே கதைதான். மரவாசம் அவரு மூக்குக்கு ஏறாது. அதனால சாயங்காலம் வௌக்கு வெக்கிற நேரத்துக்கு அவரு ஒரு பத்தி கொண்டாந்து குடுப்பாரு, நான் மோந்து பாத்து "சந்தனம் தூக்கல், அகில் காணோம்"பேன். நான் ஒரு பத்தி குடுப்பேன், அவரு கண்ணை மூடி மோந்துட்டு, "இன்னைக்கு நல்லா சிரிக்குதுங்க"ம்பாரு. பத்தி எங்கயாவது சிரிக்குமா? ஆனா அவரு சொன்னா எனக்குப் புரிஞ்சிரும். வேற ஒண்ணும் இல்ல கண்ணு. தொழிலு.

ரோஸும் மரமும் எப்படின்னு உனக்குத் தெரியுமா? ரோஸ் வாசப்படியிலயே சத்தம் போட்டுக்கிட்டு வர்ற ஒறம்பரைச் சனம் மாதிரி. கொளுத்தின உடனே வீடு பூராவும் ஓடும். அடுப்படியில எட்டிப் பாக்கும், மாடிக்குப் போகும், பக்கத்து வீட்டுக்கும் போய் நான் வந்துட்டேன்னு சொல்லிட்டு வரும். கோவிச்சுக்கிட்டுப் படுத்திருக்கிறவங்களையும் எழுப்பி உக்கார வெச்சிரும். பத்தி எரிஞ்சு முடிஞ்சா அதுவும் கெளம்பிரும். மனசுல ஒண்ணும் வெச்சுக்காது.

மரம் அப்படி இல்ல. கொளுத்தி வெச்சா, வந்துச்சா வரலையான்னே தெரியாது. மூலையில ஒரு ஆளு வந்து உக்காந்துக்கிட்டு, கேட்டாப் பேசுவோம்னு இருக்கிற மாதிரி. பத்தி அணைஞ்சு, சாம்பலையும் தொடைச்சு, நாம கடைக்குப் போயிட்டு சாயங்காலம் வந்து கதவைத் தெறந்தா அப்பத்தான் தெரியும், அது போகவே இல்லேன்னு. அலமாரித் துணியில, தலகாணி ஒறையில, எல்லாத்துலயும் ஏறி உக்காந்திருக்கும். காலையில யாரு வந்துட்டுப் போனாங்கன்னு சாயங்காலம் சொல்லும். எனக்கு அந்தக் கொணம் புடிக்கவே புடிக்காது. அது என்ன, வந்தா வந்தேன்னு சொல்ல வேண்டியதுதானே.

ரெண்டையும் ஒரே பெட்டியில வெக்கக் கூடாது. எங்க தொழில்ல சின்னப் புள்ளைக்கும் தெரியும். ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், பொறவு பிரிக்க முடியாது. என் மக கிருத்திகா சின்னதுல தெரியாம ஒரு ரோஸ் பத்திக் கட்டையும் ஒரு மரவாசப் பத்திக் கட்டையும் சேத்து நூலைப் போட்டுக் கட்டி வெளையாடிக்கிட்டு இருந்தா. கையிலயே ஒண்ணு வெச்சேன். அழுதா, பாவம். ஆனா அதுக்கப்புறம் ஒரு நாளும் சேத்து வெச்சதில்ல.

இரு, பஸ்சு திண்டுக்கல்லு வரப் போகுது. சாப்பிட்டுக்கிட்டே பேசலாமா? எலுமிச்சஞ்சாதம் குடுத்து விட்டிருக்கா. அட, இங்க பாரு. ரெண்டு டப்பா. ஒரு ஆளுக்கு ரெண்டு டப்பா எதுக்கு? ஸ்பூனும் ரெண்டு போட்டிருக்கா. இவளுக்கு இன்னும் அளவு தெரியல கண்ணு, மாசமா இருக்கிறா, அந்த நெனப்புல எல்லாமே ரெண்டு ரெண்டாப் போடுறா. நீ ஒண்ணு எடுத்துக்க. அட எடுத்துக்கம்மா, நான் ஒண்ணும் மயக்க மருந்து கலக்கல. வேண்டாமா? சரி, இருக்கட்டும். அவருக்கு ஆகும்.

எவருக்கா? சொல்றேன், சொல்றேன்.

போன ஐப்பசியில மழை ஊத்துச்சே. அவரு கடை பின்கட்டு ஓடு ஒழுகி, சரக்கு நனையுற மாதிரி ஆயிப்போச்சு. பத்தி ஒரு தடவை ஈரம் பட்டா அவ்வளவுதான், அடுப்பு பத்த வெக்கக்கூட ஆகாது. வீதியில நின்னுக்கிட்டு அந்த மனுசன் பெட்டியைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு மேல பாக்குறாரு. எனக்கு மனசு கேக்கல. "எங்க வீட்டுப் பின்ரூமு சும்மாத்தான் கெடக்குது, கொண்டாந்து வெய்யுங்க"ன்னுட்டேன். சொன்ன பொறவுதான் எனக்கே ஒறைச்சுது. என் ரோஸ் சரக்கும் அங்கதானே இருக்கு.

அவரே கேட்டாரு. "ரெண்டையும் ஒண்ணா வெக்கலாங்களா?"

"வெக்கக் கூடாதுதான்"னேன். "நடுவுல பாலித்தீன் கட்டிக்கலாம்."

கட்டினோம். மூணு சுத்து. அதுக்கப்புறம் அவரு தெனமும் சரக்கெடுக்க வருவாரு. வந்த மனுசனுக்கு ஒரு வாய் காப்பி குடுக்காம எப்படி அனுப்புறது? காப்பி குடிச்சா ரெண்டு வார்த்தை பேசாம எப்படி எந்திரிக்கிறது? மழை விட்டுச்சு, ஓட்டையும் மாத்தினாரு. சரக்கு மட்டும் எங்க வீட்டுலயே இருந்துச்சு. ஓடு புதுசு, இன்னும் நம்ப முடியாதுன்னாரு. நானும் ஆமா, நம்ப முடியாதுன்னேன்.

என் வாடிக்கைக்காரங்க வந்து, "அக்கா, உங்க ரோஸ்ல இப்ப ஏதோ கூடியிருக்குது, அணைஞ்ச பொறவும் நிக்குதே"ம்பாங்க. புது எண்ணெய்னு சொன்னேன். பூக்கட்டுற மூக்காயி இருக்காளே, அவளுக்கு எதுவா இருந்தாலும் மூக்குல வேர்த்திரும். "என்னக்கா, உன் சேலையில மரவாசம் அடிக்குது"ன்னா. எதிர்க்கடைக் காத்துடின்னேன். உண்மைதானே, எதிர்லயே கடை இருக்கு, காத்து வராதா?

டீக்கடையில அவருகிட்டயும் கேட்டிருக்காங்க, "என்ன சென்னியப்பா, சட்டையெல்லாம் ரோஸு மணக்குது"ன்னு. அவரும் எதிர்க்கடைக் காத்துன்னாராம். டீக்கடைக்காரரு ஒரு நாள் நான் போகும்போது சத்தமா கேக்குறாரு, "நம்ம வீதியில காத்து எந்தப் பக்கம்யா வீசுது?"ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சேந்து சிரிச்சேன். என்னத்துக்குச் சிரிச்சாங்கன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

நீ எதுக்குச் சிரிக்கிறே?

மார்கழியில எனக்குக் காய்ச்சல். கடை தெறக்கல. மக வந்து கூட்டிட்டுப் போறேன்னா, நான்தான் போகல. கம்பளியைப் போத்திக்கிட்டுக் கெடந்தேன். காய்ச்சல்ல வாயிக்கு ஒண்ணும் தெரியல, மூக்குக்கும் தெரியல. ஒரு நாள் மத்தியானம் கண்ணை முழிச்சா, மெதுவா ஒரு வாசம். மரம். எந்திரிச்சுப் போயி பாத்தா, வாசல்ல நிக்கிறாரு. கையில தூக்குப் போசி, கஞ்சி. கதவைத் தட்டவும் இல்ல, கூப்பிடவும் இல்ல. எம்புட்டு நேரமா நிக்கிறாருன்னு தெரியல.

"தட்டியிருக்கலாமில்ல?"ன்னேன்.

"தூங்கிட்டு இருப்பீங்கன்னு நெனச்சேனுங்க."

"அப்ப எதுக்கு நின்னீங்க?"

அவரு போசியை வாசப்படியில வெச்சாரு. அப்புறம் சொன்னாரு, "நீங்க கடை தெறக்கலீங்களா, எனக்கு மூக்கே இல்லாமப் போச்சுங்க. மரம் எனக்குத் தெரியாது. ரோஸும் வரலீன்னா அப்புறம் எனக்கு என்னங்க இருக்குது?"

கண்ணு, நான் கதவு நெலையைப் புடிச்சுக்கிட்டேன். காய்ச்சல்னு நெனச்சேன். காய்ச்சல் இல்ல. எனக்கும் அப்படித்தான்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. இத்தனை வருசமா வீதி முக்குலயே அவரு கடை தெறந்தாச்சா இல்லையான்னு எனக்குத் தெரிஞ்சிரும். நான் அதை மூக்கோட கெட்டிக்காரத்தனம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

வீதியில இருக்கிற அத்தனை பேரையும் நான் அண்ணேன்னுதான் கூப்பிடுவேன். பஞ்சாமிர்தக் கடை அண்ணே, டீக்கடை அண்ணே, எல்லாரும் அண்ணே. இவரை மட்டும் வாயில வரல. வந்த அன்னையிலேர்ந்து வரல. மரக்கடைக்காரரேம்பேன். இல்லேன்னா இந்தாங்கம்பேன். எதுவுமே கூப்பிடாம எதிர்ல போயி நிப்பேன். ஏன்னு நான் ஒரு நாளும் யோசிச்சதில்ல. வேற யாரும் கவனிச்சிருக்கவும் மாட்டாங்க.

அன்னைக்கு நான்தான் கேட்டேன். வெக்கத்தை விட்டு. "அப்ப ஒரே கடையா வெச்சுருவோமா?"

"ரோஸையும் மரத்தையும் ஒண்ணா வெக்கக் கூடாதும்பீங்களே"ங்கிறாரு.

"பாலித்தீன் கட்டிக்கலாம்"னேன். அவரு சிரிச்சு அன்னைக்குத்தான் நான் முழுசாப் பாத்தேன். பல்லு நல்ல வரிசை.

ஆமா கண்ணு. நீ நெனைக்கிறது சரிதான். இன்னைக்குத்தான். மதுரை தாண்டி ஒரு சின்னப் பிள்ளையார் கோயிலு, அங்க பூசாரி அவருக்குச் சிநேகிதரு. நல்ல நேரம் பாத்தாச்சு. ஒரு மஞ்சக் கயிறு, ரெண்டு மாலை, அம்புட்டுத்தான். அவரு முந்தின பஸ்சுல போயிட்டாரு, சரக்கு எடுக்கப் போறேன்னு வீதியில சொல்லிட்டு. நான் கூடப் படிச்சவ மகளுக்குக் கல்யாணம்னு எம்மககிட்டச் சொல்லிட்டு வர்றேன். ஆரப்பாளையத்துல எறங்கினதும் தெரியாத ஆளுக மாதிரி ஆளுக்கொரு பக்கமா நடந்து போயி டவுன் பஸ்சுல ஏறணும். எல்லாம் நான் போட்ட திட்டம். ஒரு ஈ, எறும்புக்குத் தெரியாது.

ஏன் ஒளிக்கணும்னு கேக்குறே. மக. மகளுக்காகத்தான்.

அவங்கப்பா போன ரெண்டாம் வருசம் எங்க சித்தி வந்து, சின்ன வயசுதானே, இன்னொரு எடம் பாக்கலாம்னா. கிருத்திகா கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டிருக்கா. ராத்திரி பூரா என் சேலைத் தலைப்பை முடிச்சுப் போட்டுக் கையில புடிச்சுக்கிட்டே தூங்கினா. வேற யாரும் வேண்டாம்மான்னு. நான் யாரும் வர மாட்டாங்கடான்னு தலையில கை வெச்சுச் சொன்னேன். அந்தச் சொல்லு அப்படியே நிக்குது. இப்ப வயித்துல ஒண்ணைச் சொமந்துக்கிட்டு இருக்கிறா. அவ மனசு ஒடிஞ்சா எனக்கு எதுக்கு இந்தக் கல்யாணம்? எம்மக எங்கூடப் பேசலேன்னா நான் செத்துப் போவேன் கண்ணு, சும்மா வாய்க்குச் சொல்லல.

அதனால தாலியை ஜாக்கெட்டுக்குள்ள போட்டுக்குவேன். அவரு அவரு வீட்டுல, நான் எங்க வீட்டுல. காலையில கடை தெறக்கிறது, சாயங்காலம் பத்தி மோந்து பாக்குறது, எல்லாம் முன்ன மாதிரியே. அப்புறம் எதுக்குக் கட்டிக்கணும்னு உனக்குத் தோணும். அவரும் கேட்டாரு. எனக்குத் தெரிஞ்சாப் போதும்னேன். உள்ளுக்குள்ள ஒண்ணு இருக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சாப் போதும். அவரு சரிங்கன்னு தலையை ஆட்டிட்டுப் போயிட்டாரு.

பொய் சொல்றது இம்புட்டு சுலபம்னு எனக்குத் தெரியாமப் போச்சு. கல்யாணத்துக்குப் போறேன்னதும் மகளே காலையில வந்து அரக்குப் பட்டுச் சேலையை எடுத்து இஸ்திரி போட்டுக் குடுத்தா. பையும் அவளே கட்டினா. நான் பூ வெக்கிறதில்ல, வீட்டுக்காரர் போனதுலேர்ந்து. இன்னைக்கு மூக்காயி வீடு தேடி வந்து, கல்யாண வீட்டுக்கு வெறுந்தலையோடவா போவேன்னு இந்த மல்லிகைப்பூவை வெச்சு விட்டா. வெச்சிட்டு ரெண்டு கன்னத்தையும் வழிச்சு நெட்டி முறிக்கிறா. ஊரான் வீட்டுக் கல்யாணத்துக்குச் சாப்பிடப் போறவளுக்கு நெட்டி முறிப்பாங்களா? அவ கொஞ்சம் கிறுக்கு. மக பாத்தா என்ன சொல்லுவாளோன்னு எனக்குப் பயம். மக என்னடான்னா பூ கோணலா இருக்குதுன்னு நேரா வெச்சு விட்டுட்டுப் போயிட்டா.

மாப்பிள்ளை லோகநாதன்தான் வண்டியில கொண்டாந்து பஸ் ஸ்டாண்டுல விட்டாரு. தங்கமான புள்ளை. "ரெண்டு பேரும் பத்திரமா வந்து சேருங்க அத்தை"ன்னாரு. ரெண்டு பேருன்னா நானும் பையுமா இருக்கும். அவருக்கும் தூக்கக் கலக்கம்.

மககிட்ட ஒரே ஒரு வருத்தம் உண்டு. போன வாரம் அவ வீட்டுக்குப் போனேன். சாயங்காலம். கதவைத் தெறந்தா மரவாசம். நல்லா சோபாவுல, சன்னல் சீலையில எல்லாம் ஏறி உக்காந்திருக்குது. எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. பெத்தவ ரோஸ் விக்கிறேன், இவ எதிர்க்கடையில வாங்கிக் கொளுத்துறாளேன்னு. என்னடி இதுன்னேன். "சும்மா, காலையில கொளுத்தினேம்மா"ன்னா. பூஜை அலமாரியில போயிப் பாத்தேன், பத்திச் சாம்பலே இல்ல. தொடைச்சிட்டா போல. நான் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு வந்துட்டேன். அவ சிரிச்சுக்கிட்டே வழியனுப்புனா. அந்தச் சிரிப்பு இன்னும் எனக்கு ஆறல.

என்ன, வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறே? சோறு சாப்பிடும்போது சிரிச்சா பொறையேறும்டி. ஓ, நீ சாப்பிடலையே.

இது என்ன ஊரு? சமயநல்லூரா? அதுக்குள்ளயா? அய்யோ, தலைகூடச் சீவல நானு. பஸ்சுக் காத்துல எல்லாம் கலைஞ்சிருக்கும். சீப்பை எங்க வெச்சா இவ? மேல இல்ல. சைடு ஜிப்புல இல்ல. அடியில போட்டுட்டா போல. மதுரை வந்தாச்சில்ல, இனிமே கை விட்டா தப்பில்ல. இந்த டப்பாவைக் கொஞ்சம் புடி. பட்சணத்தை இவ எதுல சுத்தி வெச்சா, மெத்துன்னு இருக்குது.

இது பட்சணம் இல்ல.

வேட்டி. பட்டு வேட்டி கண்ணு, சரிகை போட்டது. துண்டும் இருக்குது. புதுசு, மடிப்புக்கூடக் கலையல. தப்பான பையைக் கொண்டாந்துட்டேனா? இல்லையே, எம்பைதான். மாப்பிள்ளை வேட்டி மாறி வந்திருச்சா? ஆனா ஓரத்துல பாரு. மஞ்சள் வெச்சிருக்குது. புதுத்துணி யாருக்காவது எடுத்துக் குடுத்தா முனையில மஞ்சள் தொட்டு வெச்சுத்தானே குடுப்போம். இது எம்மக வெரலு. அவளுக்கு எப்பவும் கட்டை வெரல் பூராவும் மஞ்சளை அப்பி வெக்கத்தான் தெரியும், சின்னதுலேர்ந்து சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன். நாலு முனையிலயும் வெச்சிருக்கா. ஒரு முனையில வெச்சாப் போதுமே.

உள்ள என்னமோ உருளுது. இரு.

பத்தி. ரெண்டு கட்டு. ரெண்டையும் சேத்து நூலைப் போட்டுக் கட்டியிருக்கா.

ஒண்ணு என் ரோஸு கண்ணு. இன்னொண்ணு அவரு கடை மரம்.

அவ வீட்டு சோபாவுல ஏறி உக்காந்திருந்துச்சே. சாம்பலே இல்லாம. நான் சாம்பலைத் தேடியிருக்கேன் பாரு, கூறு கெட்டவ. பத்தி கொளுத்தி வந்த வாசமா அது? அந்த மனுசன் போயி உக்காந்திருக்காரு. போயி எம்மககிட்ட கேட்டிருக்காரு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. சரிங்கன்னு தலையை ஆட்டிட்டு நேரா அங்க போயிருக்காரு. என்னன்னு கேட்டாரோ. அவ என்ன சொன்னாளோ. சேலைத் தலைப்பை முடிச்சுப் போட்ட புள்ளை.

அப்ப மூக்காயி? அப்ப மாப்பிள்ளை ரெண்டு பேருன்னது? இந்த ரெண்டு டப்பா? டீக்கடைக்காரரு கேட்டது? காத்து எப்படிக் கண்ணு ரெண்டு பக்கமும் வீசும்? ஊரு பூராவுக்கும் தெரிஞ்சிருக்குது. எங்க ரெண்டு பேரைத் தவுர எல்லாருக்கும் நாங்க மணந்திருக்கோம். ஐப்பசியிலேர்ந்து நான் தலையை நிமித்திக்கிட்டு அந்த வீதியில நடந்தேனே, மானத்தை வாங்கிட்டாங்களே.

கண்ணுல தண்ணி வருது. பத்திப் புகைன்னு சொல்லலாம்னா ஒண்ணையும் கொளுத்தலையே நானு. பரவாயில்ல, வரட்டும். எம்மக மஞ்சள் வெச்சுக் குடுத்திருக்கா கண்ணு. அவங்கப்பாவுக்கு வேட்டி எடுத்துக் குடுக்க அவளுக்குக் குடுத்து வெக்கல. இதைக் குடுத்திருக்கா.

இந்தக் கட்டை மோந்து பாரேன். எனக்கு மரம் மட்டுந்தான் வருது. ரோஸ் வருதா? நல்லா வருதா? ரெண்டும் ஒட்டிக்கிச்சா? ஒட்டிக்கும், ஒட்டிக்கும், எத்தனை நாளா இப்படிக் கட்டி வெச்சிருக்காளோ.

ஒண்ணு கேக்குறேன், உண்மையைச் சொல்லு. நீ ஏறினப்ப மூக்கை உறிஞ்சினியே, எம்மேல என்ன வாசம் அடிச்சுது? ரெண்டுமா? ஏறினப்பவே ரெண்டுமா? அடிப்பாவி, நான் கதை கதையாச் சொல்ல, மொதல்லயே தெரிஞ்சுக்கிட்டு உக்காந்து கேட்டிருக்கே.

இதா, ஆரப்பாளையம் வந்திருச்சு. சீப்பும் கெடைக்கல. தலை எப்படி இருக்குது? பூ நேரா இருக்கா? சன்னலைத் தள்ளு கண்ணு. எங்க நிக்கிறாரு பாரு. அந்தா, அந்தத் தூணுக்குப் பக்கத்துல, வெள்ளைச் சட்டை. நான் சொல்லிக் குடுத்த மாதிரியே எந்தப் பக்கமோ பாத்துக்கிட்டு நிக்கிறாரு, தெரியாத ஆளாட்டம். பழைய வேட்டியைக் கட்டிக்கிட்டு வந்திருக்காரு. மூக்கைத் தூக்குறாரு பாரு, ரோஸ் வருதான்னு பாக்குறாரு. எங்கிட்டச் சொல்லாம எல்லாத்தையும் பண்ணிட்டு நிக்கிற நிப்பைப் பாரு.

இரு, கூப்பிடுறேன். கூப்பிடணுமே. என்னன்னு கூப்பிடுவேன். மரக்கடைக்காரரேன்னு இங்க வந்து கத்த முடியுமா? கொஞ்சம் தள்ளிக்க, சன்னல்ல தலையை விட்டுக்கிறேன். யாரு பாத்தா என்ன. எல்லாரும்தான் பாத்தாச்சே.

ஏங்க. ஏங்க, இங்க பாருங்க, இந்தப் பக்கம். உங்களைத்தாங்க.